கண்ணாடி அடுப்பு

அடுப்பு நிஜமாகவே கெட்டுப்போயிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு நின்றாள் செவ்வந்தி. சமையல்காரி வேண்டுகிற வேண்டுதலா இது? ஆனாலும் வேண்டினாள். வாணியம்பாடியிலிருந்து வண்டியில் மலையேறி வந்திருந்த மெக்கானிக் நசீர், முதலில் சுவர் பிளக்கில் மீட்டரை வைத்துக் கரண்டை அளந்தான். கரண்ட் சரியாக இருந்தது. மெயினை அணைத்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி போட்டான். கண்ணாடியை மஞ்சள் துணியால் ஈரம் போகத் துடைத்தான். பூட்டுப் படம் போட்ட இடம் தவறுதலாக அமுங்கியிருக்கிறதா என்றும் பார்த்தான். பிறகு ஒற்றை விரலால் தொட்டான். ‘பீப்’ என்றது. நாலு அடுப்பும் சொன்னபடி கேட்டன.

நல்லாத்தான் கீது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அணைத்தான்.

ஜமுனாமரத்தூரில் அருணகிரி கட்டியிருக்கும் நாலு குடில்களுக்கும் இந்த ஒரு சமையலறைதான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் எதிரே உயரமான நாற்காலியில் உட்கார்ந்து சமைப்பதை வேடிக்கை பார்ப்பார்கள். சினிமா கொட்டகை இல்லாத ஊரில் அதுவும் ஒரு காட்சி. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது கேஸ் அடுப்பு இருந்தது. சிலிண்டர் மலையேறி வர நாளாகிறது, பார்க்கவும் நன்றாக இல்லை என்று தை மாதம் அருணகிரி அதைத் தூக்கிவிட்டு இதை இறக்கினார். திருகுவதற்கு ஒரு குமிழ்கூடக் கிடையாது. கறுப்புக் கண்ணாடி, அதில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். பொட்டைத் தொட்டால் எரியும், தொட்டால் தணியும்.

யார் தொட்டாலும் எரிந்தது, செவ்வந்தி தொட்டால் மட்டும் இல்லை. வாணியம்பாடிப் பக்கத்தில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் பதினாறு வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் கை விட்டுத் தோலை இழுத்துப் போட்டவள். சோதனைக்கு ஆள் வரும் அன்றைக்கு மட்டும் கையுறை கொடுப்பார்கள். ரேகையெல்லாம் போய், விரல் நுனி பத்தும் காய்ந்த கொட்டாங்கச்சி மாதிரி ஆகிவிட்டது. முட்டியும் புறங்கையும்கூட அதே கதிதான். ரேஷன் கடையில் விரலுக்குப் பதிலாகக் கண்ணைக் காட்டி அரிசி வாங்கிவிடலாம். அடுப்புக்குக் கண்ணைக் காட்ட முடியுமா?

குடில் பெருக்க வந்த சின்னக்குழந்தை என்பவள்தான் இரண்டு மாதம் அவளுக்காகத் தொட்டுக் கொடுத்தாள். மலைக்காரப் பெண், கேள்வி கேட்கத் தெரியாத நல்ல மனசு. அவளும் புருஷனோடு குடகுக்கு மிளகு பறிக்கப் போனதும் செவ்வந்தி தனியாக மாட்டிக்கொண்டாள். முழங்கையை வைத்தால் இரண்டு பொட்டு சேர்ந்து அமுங்கியது. மூக்கு நுனியை வைத்துப் பார்த்தாள். கேட்டது! பத்து நாள் அந்த அடுப்புக்குக் குனிந்து குனிந்து கும்பிடு போட்டுத்தான் சமைத்தாள். விருந்தாளி ஒருத்தி அதை வீடியோ எடுத்து ஊருக்கே காட்டிவிட்டாள். சாப்பாட்டில் மூக்கைத் தேய்க்கிறாள் என்று அதன் கீழே ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். அருணகிரி செல்போனை நீட்டிக் கேட்டபோது, பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அடுப்பு ரிப்பேரு சார் என்று.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதைத்தான் அருணகிரியும் சிரித்துக்கொண்டே சொன்னார். மெக்கானிக் வந்து பார்க்கட்டும், அடுப்பில் கோளாறு இல்லையென்றால் கண்ணமங்கலத்தில் கேட்டரிங் படித்த ஷோபனா காத்திருக்கிறாள் என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்கும். வேலை போனால் சமையலறைக்குப் பின்னால் இருக்கிற அறையும் போகும். அந்த அறையில் காசி படுத்திருந்தான். அதே ஷாப்பில் புருஷனாக அவளுக்கு வாய்த்தவன், நெஞ்சு மொத்தமும் கெட்டுப்போனவன். கீழே இருந்தவரை ஒரு ராத்திரியும் படுத்துத் தூங்கியதில்லை, உட்கார்ந்தபடி மூச்சுக்குப் போராடுவான். மலைக்கு வந்த பிறகுதான் மனுஷனாக நீட்டிப் படுத்தான். அவனைத் திரும்பக் கீழே இறக்குவதும் குழியில் இறக்குவதும் ஒன்றுதான். செவ்வந்திக்கு அது தெரியும்.

நசீர் நகர்ந்து நின்று, நீங்க தொடுங்கக்கா என்றான். தொட்டாள். சத்தமே இல்லை. இன்னொரு விரலால் தொட்டாள். அவன் அடுப்பைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தான். கேட்காமலே எடுத்துத் திருப்பினான்.

“சுண்ணாம்புத் தொட்டியாக்கா?”

அவள் தலையாட்டினாள். எங்க அத்தாவுக்கும் இதே கைதான் என்றான். பிறகு மெல்ல விளக்கினான். மேலே இருப்பது செத்த தோல். கண்ணாடிக்கு அடியில் இருக்கிற சென்சார் உயிருள்ள தோலைத்தான் கண்டுபிடிக்கும். செல்போனுக்கு விற்கிற டச் பேனாவையும் இந்தத் தடிமனான கண்ணாடி ஏற்காது. உள்ளே இருக்கிற சர்க்யூட் பலகையைப் புதிதாக மாற்றினாலும் இதே கதைதான். குமிழ் வைத்த அடுப்பாக வாங்கச் சொல்லி சாரிடம் தானே பேசுவதாகச் சொன்னான்.

“அடுப்ப மாத்த மாட்டாரு தம்பி. ஆள மாத்திடுவாரு.”

நசீர் மீட்டரைச் சுருட்டிப் பையில் போட்டான். வேலை முடிந்தது என்று பதிய வேண்டும், இங்கே சிக்னல் இல்லை, மேட்டுக்குப் போய் வருகிறேன் என்று செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். என்ன பதியப் போகிறான் என்று அவளும் கேட்கவில்லை. அவனிடம் பொய் சொல்லச் சொல்லலாம்தான். அந்தப் பொய் எத்தனை நாள் தாங்கும்? பின்னறையிலிருந்து காசி இருமுவது கேட்டது. மேடையில் கேரட் சீவுகிற கத்தி கிடந்தது. தோலைச் சீவுவதைப் பதினாறு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். எவ்வளவு ஆழம் போனால் வெள்ளை, எவ்வளவு போனால் சிவப்பு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வலது ஆள்காட்டி விரலை மேடையில் அழுத்தி வைத்துக்கொண்டாள். முதல் இரண்டு இழுப்புக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நசீரோடு அருணகிரியும் வந்தார். இன்னாபா ஆச்சு என்று அவனைக் கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் அவள் பக்கம் திரும்பினார்.

“தொடு செவ்வந்தி, பாப்போம்.”

தொட்டாள். ‘பீப்’ என்றது. மற்ற மூன்றையும் தொடச் சொன்னார். தொட்டாள். மூன்றும் எரிந்தன. வெளிச்சப் பொட்டின் மேல் சிவப்பாக ஒன்று ஒட்டியிருந்ததை நசீர் பார்த்துவிட்டான். துடைக்கிற சாக்கில் மஞ்சள் துணியை அதன்மேல் போட்டான்.

அப்புறம் ஏன் மூக்கை வைத்தாய் என்று அருணகிரி கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் நசீர், உள்ளே ஈரம் பூந்திருந்தது சார், சரி பண்ணிட்டேன் என்றான். அவர் அதை நம்பினார். ஆலங்காயம் தாண்டி ஒரு வேன் வருகிறது, பன்னிரண்டு பேர், டீ தயாராக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனார். நசீர் பையை மாட்டிக்கொண்டான். போக மனசில்லாமல் நின்றான்.

“எத்தினி நாளைக்குக்கா?”

“தோலு மூட எட்டு நாளு ஆவும்.”

“அப்பறம்?”

அவள் பால் பாத்திரத்தை எடுத்து வைத்தாள். அவன் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

ஆறு லிட்டர் பால். தொட்டுப் பற்றவைத்த பிறகும் விரலிலிருந்து சொட்டு நிற்கவில்லை. ஊரார் குடிக்கிற டீயில் விழுந்துவிடக் கூடாதே என்று, வீட்டில் எந்தக் காயத்துக்கும் செய்கிறபடியே டப்பாவிலிருந்து மஞ்சள் தூளை அள்ளி அப்பிக்கொண்டாள். சுரீர் என்று எரிந்து பிறகு அடங்கியது. டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். இஞ்சி தட்டினாள். காசிக்கு வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். விரலில் என்ன மஞ்சள் என்று அவன் கேட்டதற்கு, கேரட் சீவும்போது பட்டுவிட்டது என்றாள்.

வேன் வந்துவிட்டது. இரண்டு பேர் நேராக வந்து எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி செல்போனை நிமிர்த்திப் பிடித்தாள். பால் பொங்க ஆரம்பித்தது. செவ்வந்தி தணிக்கிற பொட்டைத் தொட்டாள். சத்தம் வரவில்லை. அழுத்தித் தொட்டாள். மஞ்சளும் ரத்தமும் சேர்ந்து காய்ந்து விரல் நுனியில் கெட்டியாகப் பொருக்குத் தட்டியிருந்தது. வாசலில் அருணகிரி யாருக்கோ குடிலைக் காட்டிக்கொண்டே அடிக்கடி இந்தப் பக்கம் பார்த்தார். குனியவும் முடியாது. நுரை பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு அங்கேயே நடுங்கியது. அவள் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, விரலை வாய்க்குள் வைத்துப் பல்லால் கடித்து இழுத்தாள்.