கடல் தெரிந்த வீடும் வேகாத பருப்பும்

வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கப் போகிறேன் என்று என் அக்கா லாமியா லாத்தா சொன்னதும், ஆலோசகர் பதவியை நானே எடுத்துக்கொண்டேன். நான் பிபிஏ மூன்றாம் ஆண்டு. முதலீட்டுப் பாடத்தை இரண்டு முறை எழுதித் தேறியவன் என்பதால், ஒரே முறையில் தேறியவர்களைவிட எனக்கு அனுபவம் அதிகம்.

லாத்தாவின் கணவர் ஷாகிர் மச்சான் பதினோரு வருடமாகச் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். மாதம் தவறாமல் வாடகை வரும் வீடு அமைந்தால், விசாவைப் புதுப்பிக்காமல் ஊரோடு வந்துவிடுவதாகப் பேச்சு. தப்பான வீடு அமைந்தால் சேமிப்பும் போகும், மச்சானும் அங்கேயே கிடப்பார். இந்தப் பெரிய காரியத்தில் எனக்குத் தரப்பட்ட பொறுப்பு, செல்போனைப் பிடித்துக்கொள்வது.

புரோக்கர் உக்கிரபாண்டி புதுமடம் கிராமத்தில் ஒரு வீட்டைக் காட்டினார். டைல்ஸ், மாடி, பால்கனி, எதிரே முழுக் கடல். வீடியோ காலில் மச்சானுக்குக் கடலைக் காட்டினேன். வீட்டைக் காட்ட மறந்துவிட்டேன், அவரும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் வளைகுடாவில் இருப்பவர்கள் வீடு வாங்குவது இப்படித்தான். ஆறு பேர் படுக்கும் ரூமிலிருந்து பார்க்கிறவருக்குக் கடல் தெரிந்தால், அடுப்படி எங்கே என்று கேட்கத் தோன்றாது. மச்சான் கண் கலங்கி, இன்றைக்கே அட்வான்ஸ் கொடுக்கச் சொன்னார். உக்கிரபாண்டியும் தன் பங்குக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லாத்தா பால்கனிப் பக்கமே போகவில்லை. ஆட்டோவிலிருந்து சின்ன கேஸ் அடுப்பையும் சட்டியையும் கால் கிலோ துவரம்பருப்பையும் இறக்கினாள். அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, இங்கனயே குடிவந்துட்டியளா?" என்றார் உக்கிரபாண்டி.

"நான் வரலண்ணே. குடிவரப் போறவ சோறாக்கணும்ல, அவளுக்காகப் பாக்குறேன்."

தண்ணீர் தேன் மாதிரி என்றார் அவர். பருப்பு ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் அரை மணியில் கரைகிற பருப்பு, ஒன்றேகால் மணி நேரம் கொதித்தும் போட்டபடியே, சூடாக மட்டும் இருந்தது. அதற்குள் லாத்தா பக்கத்து வீட்டு மலிகாவிடம் பேசிவிட்டு வந்தாள். ஒரே வருடத்தில் மூன்று குடும்பங்கள் வந்து காலி செய்திருந்தன. மூன்றும் நல்ல தண்ணீருக்குக் குடம் தூக்கி இடுப்பொடிந்து போனவை.

பசியோடிருந்த உக்கிரபாண்டிக்கு ஒரு தட்டில் பருப்பை வைத்துக் கொடுத்தாள். அவர் மென்றார். சத்தம் கேட்டது.

"பல்லுக்கு நல்லதுதாம்மா" என்று தட்டைக் கீழே வைத்தார்.

போனில் மச்சான் கெஞ்சினார். "கடல் எம்புட்டு நல்லா தெரியுது, புள்ள."

"தெரியுதுதான். வாடகைக்கு வாரவுக அதப் பாத்துக்கிட்டுப் பட்டினி கெடப்பாகளா?"

அடுத்து, புரோக்கர் இல்லாமலே, மண்டபம் ஊரில் ஒரு வீடு பார்த்தோம். இரண்டு போர்ஷன், வாசலில் நின்றால் சிமெண்ட் கம்பெனி விளம்பரம் எழுதிய சுவர் மட்டும் தெரியும். அங்கே பருப்பு இருபத்தெட்டு நிமிடத்தில் வெந்தது. ஆனாலும் லாத்தா தலையாட்டவில்லை. விற்கிறவரை விட்டுவிட்டு, நான்கு வருடமாகக் குடியிருக்கும் நர்ஸ் லூர்து மேரியிடம் போய், இங்கே என்ன குறை என்று கேட்டாள். அதுவரை அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை போலும். மழையில் ஒழுகும் மூலை, இரவில் மட்டும் அலறும் மோட்டார் என்று ஒரு மணி நேரம் சொன்னார். லாத்தா அதையெல்லாம் சொல்லியே விலையைக் குறைத்தாள். வருடத்துக்குப் பன்னிரண்டு மாத வாடகை என்று நான் எழுதியதை வாங்கி, பத்து என்று திருத்தினாள். மீதி இரண்டு மாத வாடகை வீட்டின் பழுதுக்கே போய்விடுமாம். என் புத்தகத்தில் இதற்கு நாற்பது பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு முறை படித்தும் எனக்கு விளங்கியதில்லை.

பத்திரம் முடிந்ததும் அவள் செய்த முதல் வேலை, ஒழுகும் மூலையைப் பூசியது. லூர்து மேரி, பக்கத்து போர்ஷன் காலியாவதற்கு முன்பே தன்னோடு வேலை பார்க்கும் பிரெசில்லாவைக் கூட்டிவந்து நிறுத்தினார். புரோக்கர் கமிஷன் கிடைக்காத உக்கிரபாண்டி பத்திரம் பதிந்த அன்று வேறெங்கோ அவசர வேலையாகப் போயிருந்தார்.

மச்சான் விமானம் இறங்கி, பெட்டியோடு நேரே அந்த வீட்டைப் பார்க்கப் போனார். சுவரை வெகுநேரம் பார்த்தார்.

"கடல் எங்க, புள்ள?"

"அங்கன திரும்பி நாலு தெரு நடங்க. அது யாரையும் காலி பண்ணச் சொல்லாது."

நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இப்போதும் தினமும் போகிறார். விசா முடிந்து எட்டு மாதமாகிறது.