கயிறு பிடித்த கை

சனிக்கிழமை ரயிலில் என் வீட்டுக்காரரை மதராஸ் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று டாக்டர் வேதமணி அன்றுதான் முடிவு செய்வதாக இருந்தது. எப்படியும் அனுப்பிவிடுவார்கள் என்று நான் துணிமூட்டையோடே போயிருந்தேன்.

என் வீட்டுக்காரர் மரியான் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். கடலடியில் இருக்கிறவரின் கயிற்றை வள்ளத்தில் நின்று பிடிப்பது எங்களில் மச்சினன் வேலை. அக்காள் தாலியை நினைத்து அவன்தானே கண் அசராமல் பிடிப்பான்? என் தம்பி பர்னபாஸ் பத்து வருஷம் பிடித்தான். அவன் டைபாய்டில் போனபிறகு வேறொருவன் பிடித்தான். முதல் நாளே, தூக்கச் சொல்லி இவர் கீழிருந்து ஒரு இழுப்பு இழுத்தபோது அந்தப் புண்ணியவான் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். தாமதமாகத் தூக்கினார்கள். உயிர் தங்கியது.

அது நடந்து எட்டு மாதம். பேச்சில்லை, என்னை 'ஏளா' என்று கூப்பிடுவதும் இல்லை. ஊட்டினால் தின்பார், ஊட்டுகிறவள் யாரென்று பார்க்கமாட்டார். அவர் குணமாவதுகூட அப்புறம் இருக்கட்டும், ஒரே ஒரு தடவை என்னை அடையாளம் தெரிந்து பார்த்தால் போதும் என்று ஏங்கிப்போயிருந்தேன்.

டாக்டர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். கடிகாரம்போல் அதில் ஒரு முள். இரண்டு கம்பிகளை மரியானின் விரல்களில் கட்டினார்.

"ஊசி கீசி குத்தப்போறீயளா?" என்றேன்.

"இல்லம்மா. மனசு பதறினா விரல்ல வேர்வை ஊறும். அது நம்ம கண்ணுக்குத் தெரியாது, இந்த முள்ளுக்குத் தெரியும்."

ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அம்மா. மீன். கோயில். முள் அசையவில்லை. "ஹில்டா" என்றார். என் பெயர். நான் முள்ளருகே குனிந்தேன். முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"கயிறு" என்றார். முள் துள்ளியது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பத்து வருஷம் பொங்கிப் போட்டவளைவிடக் கயிறு பெரிதாகிவிட்டதா?

"உள்ளுக்குள்ள பயம் இருக்கு. ஆளைத் தெரியுதான்னு இது சொல்லல. மதராசுக்கே அனுப்பிருவோம்," என்று டாக்டர் எழுத உட்கார்ந்தார்.

துணிமூட்டையைப் பார்த்தேன். அதைக் கட்டியிருந்தது அவருடைய பழைய கயிறுதான். எட்டு மாதமாக இந்த மனுஷன் இன்னும் கடலடியிலேயே, தூக்கிவிடுவார்கள் என்று காத்துக்கிடக்கிறாரோ என்று அப்போதுதான் உறைத்தது. மூட்டையை அவிழ்த்தேன். ஒரு முனையை அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையோடு கதவுவரை பின்னால் நடந்தேன். கோயில் பிரசங்கத்தில் இவர் தூங்கி விழுந்தால் பர்னபாஸ் இவர் சட்டைநுனியை இரண்டு தடவை சுண்டுவான். கடலில் கயிற்றையும் அப்படித்தான் சுண்டுவான். 'மேலே நான் இருக்கிறேன்' என்று அர்த்தம். நானும் இரண்டு தடவை சுண்டினேன்.

"முள்ளு ஓடுது," என்றார் டாக்டர்.

மரியானின் கை மெல்ல வந்து கயிற்றைப் பற்றியது. ஒரே இழுப்பு. 'என்னைத் தூக்கு' என்று அர்த்தம்.

அவர் கூப்பிட்டது என்னை இல்லை, என் தம்பியை. தெரிந்தேதான் இழுத்தேன். அவர் எழுந்தார். விரலில் இருந்த கம்பிகள் கழன்று விழுந்தன. கைமாற்றிக் கைமாற்றி இழுக்க, அடிமேல் அடிவைத்து வந்து என் கைகளைப் பிடித்தார். உள்ளங்கையைத் தடவினார். கயிறு பிடித்துக் காய்த்த கை இல்லை அது. நெடுநேரம் தடவிக்கொண்டே இருந்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஏளா," என்றார், "நீயா பிடிச்சிருந்த?"