ஒத்துவராத கார்டு

ஓய்வுபெற்று எத்தனையோ காலமாகியும் தெருவில் அவருக்குச் சர்வேயர் என்பதுதான் பெயர். கடன் வாங்கியதில்லை, இரவல் கேட்டதில்லை, அடுத்தவர் உடுத்திய துணியைத் தன் ஒரே மகளுக்கு உடுத்திப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவரின் மகள் ஒருநாள் கணவன் வீட்டிலிருந்து ஒரு துணிப்பெட்டியோடும் ஒரு கம்ப்யூட்டரோடும் வந்து இறங்கினாள். அப்போதும் அவர் முதுகு வளையவில்லை. துக்கம் விசாரிப்பதுபோல வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்.

"ஒத்துவரல. அவ்வளவுதான்."

அதற்குமேல் ஒரு கேள்வி கேட்டால் அவர் பார்க்கிற பார்வையில் வந்தவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். மகளிடமும் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவளுக்குச் செய்கிற மரியாதை என்று நம்பினார்.

மகள் பகலில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். சாயங்காலமானால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு விளையாட உட்கார்ந்துவிடுவாள். கல்யாணமாகித் திரும்பி வந்த பெண் துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறாள் என்று வெளியே சொல்ல முடியுமா? "கம்ப்யூட்டர்ல ஏதோ பயிற்சி எடுக்கறா" என்று சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் அவள் அறையைக் கடந்து போனபோது உள்ளே குரல் கேட்டது.

"இடது பக்கம் ரெண்டு பேர் ஒளிஞ்சிருக்கானுங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் சுடக்கூடாது. டேய் தூங்குமூஞ்சி, உன்னத்தான்."

பிறகு அவள் சிரித்தாள். அந்த வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்தபடி சுவரோரமாகவே நின்றுவிட்டார். அதன் பிறகு அந்த விளையாட்டை அவர் மனதுக்குள்கூடக் குறை சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து மகளே வந்து பேச்சை எடுத்தாள். சம்பளம் கொடுத்து ஆட்களை இந்த விளையாட்டை ஆட வைக்கிற அணி ஒன்று இவளையும் சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறது. இங்கிருந்தே ஆடலாம். ஆனால் கம்ப்யூட்டர் தாங்காது.

"எதிரி வந்து என்னைச் சுட்டுட்டுப் போன பிறகுதான்பா என் திரையில அவன் முகமே தெரியுது."

"அப்படின்னா அவன் முதுகுல குத்தற பய."

"அவன் ஒழுங்காத்தான் வர்றான். என் மெஷின்தான் கிழடாயிடுச்சு."

"கிழடுன்னா? நான் வேலை செய்யலயா?"

"உங்கள மாதிரியேதான். எதச் சொன்னாலும் யோசிச்சு யோசிச்சு செய்யுது."

சமையலறையிலிருந்து அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். சர்வேயருக்கும் சிரிப்பு வந்தது, மீசைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

மகள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். கையிருப்புக் கொஞ்சம்தான். கேபினெட், மதர்போர்டு, மானிட்டர் எதையும் தொடப்போவதில்லை. படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றினால் போதும். பழைய கார்டைக் கொடுத்துவிட்டு நல்லதாக ஒன்று வாங்கலாம், கடைக்காரரிடம் பேசியாகிவிட்டது. "நானும் வர்றேன்" என்றார் சர்வேயர். அவர் பார்க்காமல் அந்த வீட்டுக்குள் ஓர் ஆணிகூட வந்ததில்லை.

கடை, மாடிப்படிக்குக் கீழே நீளமாக ஒரு சந்து. இரண்டு பக்கமும் வயர்கள் தொங்கின. கடைக்காரர் காதில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க தங்கச்சி. நீங்க சொன்னத யாருக்கும் கொடுக்காம எடுத்து வச்சிருக்கேன்."

சாம்பல் நிறப் பையிலிருந்து கனமான கார்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். மகள் அதைத் தொடுவதற்கு முன்னால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்குப் பெட்டி எங்க?" என்றார் சர்வேயர்.

"இது பழசு சார், பெட்டி இல்ல. ஆனா இந்த விலைக்குப் புதுசு எடுத்தா இதுல பாதி சக்திகூட வராது."

"பழசுன்னா யாரு வச்சிருந்தது?"

"ஒருத்தர் வாங்கிக் கொஞ்ச நாள் வச்சிருந்தாரு. ஒத்துவரலன்னு கொண்டாந்து கொடுத்துட்டாரு."

சர்வேயரின் கழுத்து நிமிர்ந்தது. மேலதிகாரிகளையே நடுங்க வைத்த குரல் அது. சந்து முழுக்கக் கேட்டது.

"ஒருத்தன் வச்சிருந்து, ஒத்துவரலன்னு திருப்பி அனுப்பினத எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா? அந்த மாதிரி எதுவும் என் வீட்டு வாசப்படி ஏறாது."

பக்கத்தில் பென்டிரைவ் வாங்க வந்திருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், கார்டுல ஒரு குறையும் இல்ல. அவரோட கம்ப்யூட்டர் கேபினெட் சின்னது, இது நீளம். உள்ள உட்காரல, அவ்வளவுதான்."

"குறையில்லாமலா திருப்பி அனுப்புவான்?"

மகள் சுவரில் தொங்கிய ஒரு கேபிளின் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள். சின்ன அட்டைதான். படித்து முடிக்க அவளுக்கு நெடுநேரம் ஆனது. பிறகு, "புதுசே கொடுங்கண்ணா" என்றாள்.

"தங்கச்சி, உங்க ஆட்டத்துக்கு அது—"

"பரவால்ல. பெட்டியோட இருக்கறதா ஒண்ணு கொடுங்க."

சர்வேயர் பெட்டியைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தார். தெரு பார்க்கட்டும் என்று நடுவே நடந்தார். வீட்டுக்கு வந்ததும் மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஒரு திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்தவர்போலக் கடையில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்.

"எங்க தலையில கட்டப் பாத்தான். விடுவேனா? ஒருத்தன் வச்சிருந்து, ஒத்துவரலன்னு..."

அந்த இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. வாசலுக்கு வந்தவர்களிடமெல்லாம் இத்தனை நாளாக அவர் சொல்லி வந்த வார்த்தை.

மனைவி குழாயை மூடினாள். "அப்புறம் என்ன சொன்னீங்க?"

அவர் மெல்லச் சொன்னார்.

"அவ பக்கத்துல நின்னாளா?"

"ம்."

"வாசப்படி ஏறாதுன்னா சொன்னீங்க?"

"நான் கார்டத்தான் சொன்னேன்."

"எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்." கையைத் துடைத்துக்கொண்டு அவள் அப்பால் போய்விட்டாள்.

சர்வேயர் மகளின் அறைக்குப் போனார். புதுக் கார்டு உள்ளே மாட்டியாகிவிட்டது. சிவப்பும் நீலமுமாக அதில் விளக்கு ஓடியது. திரையில் ஓடிய படம் மட்டும், கியர் போடத் தெரியாதவன் ஓட்டுகிற பஸ்போல வெட்டி வெட்டிப் போனது. ஒன்றும் தெரியாத அவருக்கே அது தெரிந்தது.

"ஓடுதா?"

"ஓடுதுப்பா."

வாசலிலேயே நின்றார். அவர் பரம்பரையில் எந்தத் தகப்பனும் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. எந்த வார்த்தையில் தொடங்குவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டதாகச் சொன்னாள்.

மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே சர்வேயர் போய் நின்றார். பிரித்த புதுக் கார்டைத் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டார்.

"எடுக்கலாம் சார். ஆனா முழு விலை வராது. பிரிச்சுட்டீங்களே, இனிமே அதுவும் பழசுதான்" என்றார் கடைக்காரர். குத்திச் சொல்லவில்லை, தொழில் பேச்சுத்தான்.

சர்வேயர் மழைக்கு முன்னால் கூரைக்கு ஒட்டுப்போட வைத்திருந்த பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பேரம் பேசவில்லை. "அந்தக் கார்டக் கொடுங்க" என்றார்.

வீட்டில் மகள் சாம்பல் நிறப் பையைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ கேட்டது. பொருந்துதான்னு பாரு."

அவள் ஏதாவது கோபமாகச் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேசியிருப்பார். அவள், "நன்றிப்பா" என்றாள்.

அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிப் பழக்கமே இல்லை. அது வெளி ஆட்களுக்குச் சொல்வது. சர்வேயர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கார்டு அருமையான கார்டு. அன்றிலிருந்து படம் எண்ணெய்போல ஓடியது. சோதனை நடந்த சாயங்காலம் அவரும் மனைவியும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு வேலை இருப்பதுபோல நடித்தார்கள். உள்ளே மகளின் குரல் அதட்டியது, கெஞ்சியது, சத்தமாகச் சிரித்தது. பிறகு அவள் வெளியே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, "எடுத்துட்டாங்கம்மா" என்றாள். அம்மாவின் தோள்மேலிருந்து தகப்பனைப் பார்த்தும் சிரித்தாள். அது நல்ல சிரிப்புத்தான். அன்று ஒரு நாழிகை அவருக்கு எல்லாம் சரியாகிவிட்டதுபோல இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள். "அந்த அணிக்கு அவங்க ஊர்ல ஒரு வீடு இருக்கு. பொண்ணுங்க நாலு பேரு சேர்ந்து தங்கியிருக்காங்க. நானும் அங்க போய்த் தங்கிக்கறேன்."

"இங்கிருந்தே ஆடலாம்னு சொன்னியே?"

"ஆடலாம்பா."

"இங்க என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லப்பா." அவர் தட்டில் தீர்ந்திருந்ததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்தாள்.

அவர் தடுக்கவில்லை. எந்த முகத்தோடு தடுப்பார்? கேபினெட்டைச் சுற்றத் தன் கம்பளியையே எடுத்துக் கொடுத்தார். பயணத்தில் குலுங்கினால் கெட்டுவிடும் என்று கார்டை மட்டும் கழற்றி, துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டாள் மகள். பஸ் நிலையம் போகிற வழியெல்லாம் ஆட்டோவில் அவர் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் கோத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்னிக்குக் கடையில நான் சொன்னது உன்ன நினைச்சு இல்லம்மா. இதுதான். எவ்வளவு சின்ன வாக்கியம்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவர் சன்னலுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். மகள் குனிந்தாள்.

"என்னப்பா?"

"சன்னலோரம் காத்தடிக்கும். மூடிக்கோ."

"சரிப்பா. கிளம்பறேன்."

"போயிட்டு வரேன்னு சொல்லுடி" என்றாள் அம்மா.

"போயிட்டு வரேம்மா" என்றாள் அவள், அம்மாவிடம்.

பஸ் வளைந்து போய் மறைந்த பிறகும் இருவரும் நின்றார்கள்.

"சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"போன்லயாவது சொல்லுங்க."

"அத போன்லயா சொல்றது?" என்றார் சர்வேயர். பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். அவள் போய்ச் சேர்ந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றார். அவர் பேசமாட்டார் என்று அவர் மனைவிக்குத் தெரியும்.