கடைசி நாற்காலிக்கு ராசி இல்லை

குமுளியில் எங்கள் ஏலக்கூடத்தின் கடைசி நாற்காலிக்கு ராசி இல்லை என்று கிளப்பிவிட்டவர் மேலாளர் பைலி சார். இந்தப் பருவத்தில் புதிதாகச் சேர்ந்த வியாபாரி ரோஸிலி சேச்சிதான் அதில் உட்காருவார். ஏலம் தொடங்கி அவர் பொத்தானை அழுத்தினால் 'இணைக்க முடியவில்லை' என்று திரையில் வரும். வேறு வியாபாரி யாராவது எழுந்துபோனால்தான் அவருக்கு வழி. அதற்குள் நல்ல ஏலக்காயெல்லாம் போய்விடும், சுருங்கியது மிஞ்சும்.

நாற்காலியை மாற்றிப் பார்த்தார்கள். பழைய வியாபாரி குரியாச்சன் அதில் உட்கார்ந்து ஜம்மென்று ஏலம் எடுத்தார். அவருடைய இடத்துக்குப் போன சேச்சிக்கு அங்கேயும் அதே செய்தி.

"அப்போ ராசி இல்லாதது நாற்காலிக்கு இல்ல, ஆளுக்கு" என்றார் குரியாச்சன். கூடமே சிரித்தது.

பைலி சார் சர்ச்சிலிருந்து பாதிரியார் அச்சனைக் கூட்டிவந்து புனித நீர் தெளிக்கச் சொன்னார். கீபோர்டு கெட்டதுதான் மிச்சம்.

அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். இருபத்தொரு நாற்காலிகளின் கணினிகளும் பின்னறையில் இருக்கும் ஒரே இயந்திரத்தோடு இணைந்தவை. அதில் சர்வருக்கான ஆபரேட்டிங் சிஸ்டம் போடச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. பைலி சார் வீட்டுக் கணினிக்கானதைப் போட வைத்தார்.

"எடா, ரெண்டும் பாக்க ஒண்ணாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்குக் கூடக் காசு?"

பார்க்க ஒன்றுதான். ஆனால் வீட்டுக்கானது, தன் முன்னால் உட்காரும் ஒருவருக்காகச் செய்தது. வெளியிலிருந்து இருபது பேர் வரை உள்ளே விடும், அதற்குமேல் கதவைச் சாத்திவிடும். சர்வருக்கானது அப்படியில்லை. முன்னால் ஆளே இல்லாவிட்டாலும் வருகிற எல்லோருக்கும் பரிமாறும். இதை வியாபாரிகளிடம் மூச்சுவிடக் கூடாது என்று எனக்கு உத்தரவு வேறு.

அன்று ஏலம் முடிந்ததும் சேச்சி என்னை வாசலில் நிறுத்தினார்.

"மோனே, அடுத்த ஏலத்துலயும் நல்ல காய் எடுக்கலன்னா மசாலா கம்பெனிக்காரங்க குரியாச்சன்கிட்ட போயிடுவாங்க. உள்ளதைச் சொல்லு, எனக்கு நெஜமாவே ராசி இல்லையா?"

கண் கலங்கியிருந்தது. உத்தரவாவது மண்ணாவது என்று ஆகிவிட்டது எனக்கு.

"ராசியும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல சேச்சி. அந்த மெஷின் இருபது பேருக்கு மேல விடாது. நீங்க கட்டப்பனை பஸ்ல எல்லாருக்கும் கடைசியா வர்றீங்க, அவ்வளவுதான்."

சேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்போ முதல்ல வந்தா?"

அடுத்த ஏலத்தன்று நான் கூடத்தைத் திறக்கப் போனபோது படியில் உட்கார்ந்திருந்தார். முதல் ஆளாக இணைந்துகொண்டார். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எல்லோருக்கும் கடைசியாகக் காரில் வந்து இறங்கியவர் மத்தாயிச்சன், கூடத்தின் தலைவர். பொத்தானை அழுத்தினார். 'இணைக்க முடியவில்லை.' மறுபடி அழுத்தினார். அன்றைய முதல் தர ஏலக்காய் ரோஸிலி சேச்சியின் பெயருக்குப் போனது.

மத்தாயிச்சனுக்கு ராசி இல்லை என்று யாரும் வாய் திறக்கவில்லை. குரியாச்சன் தன் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பைலி சார் என்னிடம் ஓடிவந்தார். "என்னடா மெஷின் இது, மனுஷன் மானத்தை வாங்குது! அந்தச் சர்வர் சமாச்சாரத்தை இன்னைக்கே வாங்கிப் போடு!"

சேச்சி தட்டிலிருந்து ஒரு மாதிரிக் காயை எடுத்துப் பிளந்து முகர்ந்தார். தோலைத் தரையில் போட்டார்.

"ஏன் பைலி சாரே, அச்சனைக் கூப்பிடலையா?"