பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடு

2024ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை. தாவணகெரே நகரின்மீது அன்று காலை முதலே மேகம் கவிந்திருந்தது. மழை வலுக்கவும் இல்லை, விட்டொழியவும் இல்லை. மாவு சலித்தாற்போன்ற தூறல் மாலைவரை நீடித்தது. மறுநாள் மகாளய அமாவாசை. இறந்த மூத்தோருக்கு இலை போட்டுச் சோறு படைக்கும் நாளுக்கு முந்தைய மாலையாதலால், பழைய பஞ்சாலைக்குப் பின்புறமுள்ள அந்தச் சந்தின் பெண்கள் யாவரும் அடுப்படியில் இருந்திருக்க வேண்டும். ஆயினும் நான்கு மணிக்கெல்லாம் அவர்கள் ஹாலேசப்பாவின் முன்கூடத்தில் வந்து நிறைந்துவிட்டனர். அவர் வீட்டுத் தொலைபேசி அன்றோடு ஓய்வுபெற இருந்ததே அதற்குக் காரணம்.

செம்புக்கம்பி இணைப்புகள் அனைத்தையும் அகற்றுவதென முடிவு செய்த தொலைபேசி நிலையத்தார் மூன்று முறை கடிதம் அனுப்பியிருந்தனர். சந்தில் எஞ்சியிருந்த கடைசிக் கம்பி அவருடையதே. எண்களைச் சுழற்றும் வட்டு கொண்ட அக்கருப்புக் கருவிக்குச் சிவயோகி செவ்வந்தி மாலை சாத்தி, மூன்று கோடாகத் திருநீறும் பூசியிருந்தான். நாற்பது வயதான அவன் சந்தின் வாட்ஸ்அப் குழுவை நடத்துபவன். தன் கண்ணில் படுவது எதையும் படம் பிடிக்காமல் விடமாட்டான்.

"ஏன்டா சிவயோகி, இது கல்யாணமா, கருமாதியா?" என்று கேட்டாள் மூன்றாம் வீட்டுச் சரோஜா. அவளது ஒரு கையில் மண்டக்கி என்னும் பொரிப் பொட்டலமும் மறு கையில் மிளகாய் பஜ்ஜியும் இருந்தன.

"ரெண்டும்தான் அக்கா. உங்க கல்யாணமே இதுலதானே முடிவாச்சு? இங்க பாத்துச் சொல்லுங்க."

"அட போடா! சோள ரொட்டி தட்டிட்டிருந்தேன், மாவுக் கையோட ஓடி வந்தேன். ரிசீவர் பூரா மாவு. அந்தப் பக்கம் அவரு 'என்னைப் பிடிச்சிருக்கா'ன்னு கேக்குறாரு. இந்தப் பக்கம் மங்களக்கா முந்தானையால ரிசீவரைத் துடைச்சுக்கிட்டே இருக்காங்க. நான் என்ன பதில் சொன்னேன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது."

"அவருக்கும் தெரியாதாம். தெரிஞ்சிருந்தா தப்பிச்சிருப்பாராம்."

கூடம் முழுவதும் சிரித்தது. இரண்டாண்டுகளுக்கு முன் இறந்துபோன தம் மனைவி மங்களாவின் பெயரைக் கேட்டு ஹாலேசப்பாவும் சற்றே முறுவலித்தார்.

பஞ்சாலைக் கிடங்கில் எழுத்தராக இருந்த அவர், ஏழாண்டு காத்திருந்து 1986இல் அந்த இணைப்பைப் பெற்றார். சந்தின் இருபத்திரண்டு வீடுகளுக்கும் அது ஒன்றே தொலைபேசி. வெளியூர் சென்ற பிள்ளைகளும் பெண் கொடுத்தவர்களும் பெண் எடுத்தவர்களும் அவ்வெண்ணைக் குறித்து, அருகில், பிறர் வீட்டுத் தொலைபேசி என்பதற்கு அடையாளமாக, 'பி.பி.' என்று எழுதி வைத்துக்கொண்டனர். அழைப்பு வந்தால் ஹாலேசப்பா யாருக்கென்று கேட்பார். "பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடு, வரச் சொல்றேன்" என்று கூறி வைப்பார். செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுவார். அழைத்தவன் எங்கோ ஓர் ஊரில், கட்டணத் தொலைபேசிக் கூண்டின் வாயிலில், கடிகாரத்தைப் பார்த்தவாறு நின்றிருப்பான். அந்தப் பத்து நிமிடம் எழுதாத ஒப்பந்தம். அதனை அவர் ஒருநாளும் மீறியதில்லை என்பது சந்தறிந்த செய்தி. மீறிய ஒரு நாளை அவர் ஒருவரே அறிவார்.

"அஜ்ஜா, நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க. கொட்டுற மழையில குடையைப் பிடிச்சுட்டு வந்து கூப்பிடுவீங்களே, அதைச் சொல்லுங்க" என்றான் சிவயோகி. சந்தின் இளையவர்களுக்கு அவர் அஜ்ஜா, அதாவது தாத்தா.

"சொல்றதுக்கு என்ன இருக்கு? வந்தவன் கம்பியை வெட்டிட்டுப் போகட்டும். மணி ஆகுது."

"பாருங்க, போனைவிட அஜ்ஜாவுக்குத்தான் அவசரம்!"

அவன் விளையாட்டாகக் கூறியது உண்மையே. எண்பது வயதில் அவர் விரும்பியது ஒன்றுதான்: அக்கருவி வீட்டைவிட்டுப் போக வேண்டும், அதனோடு அந்த ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும்.

வாயிலில் நின்றவர்கள் விலகி வழிவிட்டனர். ஈரத் தலைமேல் முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி நீலம்மா உள்ளே வந்தாள்.

எதிர்வரிசையில் அவள் வீடு. நாற்பதடி தூரம் இருக்கலாம். பஞ்சாலை மூடப்பட்ட பின்னர் அவளுடைய ஒரே மகன் கொட்ரேஷ் பிழைப்புத் தேடிப் பம்பாய்க்குச் சென்றான். 1997 செப்டம்பரில் கல்யாண் நகருக்கருகே இரயில் பாதையில் அவன் உடலை எடுத்தார்கள். அவன் தானே போய் நின்றான் என்று கண்டவர்கள் சொன்னார்கள். சட்டைப்பையில் கடிதம் ஏதும் இல்லை. "பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போனவனுக்கு என் கையால சோறு கிடையாது" என்றாள் நீலம்மா. அதன்பின் வந்த ஒவ்வொரு மகாளயத்திலும் மாமனாருக்கும் மாமியாருக்கும் கணவனுக்கும் இலை போட்டாள், புதுத்துணி வைத்தாள், மகனுக்கு மட்டும் வைத்ததில்லை. மடத்துச் சாமியார் எடுத்துரைத்தும் அவள் இணங்கவில்லை. இறந்தவன் இருபத்தேழு ஆண்டுகளாகப் பட்டினி கிடந்தான்.

ஆனால் கொட்ரேஷ் அழைத்திருந்தான்.

அவன் சாவதற்கு இரு நாள் முன்பு, ஞாயிறு பிற்பகல், மங்களா தாய்வீடு சென்றிருந்தாள். தொலைக்காட்சியில் கிரிக்கெட், இன்னும் ஆறு ஓவர்களே மீதம். மணி அடித்தது. "மாமா, கொட்ரேஷ் பேசுறேன். அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க." "பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுப்பா" என்று வைத்த ஹாலேசப்பா, இந்த ஓவர் முடியட்டும் என்று அமர்ந்துவிட்டார். சன்னல் வழியே நீலம்மாவைப் பார்க்க முடிந்தது. கடைக்காரர் கூலிக்குக் கொடுத்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளியவாறு அவள் தன் வாயிலில் அமர்ந்திருந்தாள். இருந்த இடத்திலிருந்து உரக்க ஒரு குரல் கொடுத்திருந்தாலும் போதும்.

பத்தாம் நிமிடம் மீண்டும் மணி அடித்தது. "வீட்டுல இல்லப்பா, மடத்துக்குப் போயிருக்காங்க" என்றார். பொய் வெகு எளிதாக வந்தது. "எப்ப வருவாங்க மாமா?" "சாயங்காலம் ஆகும்." மறுமுனையில் சற்று நேரம் வண்டிகளின் இரைச்சல் மட்டுமே கேட்டது. "சரி மாமா. இன்னொரு தடவை பாக்குறேன்." அந்த இன்னொரு தடவை மணி அடித்தபோது ஆட்டம் கடைசி ஓவரில் இருந்தது. அவர் எடுக்கவே இல்லை. மாலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார், மாலையில் உறவினர் வந்தனர், மறந்துபோனார். செவ்வாயன்று இரயில்வே காவலர் அதே கருவியில் அழைத்தனர். அன்று மட்டும் அவர் செருப்பும் அணியாமல் நாற்பதடியையும் ஓடிக் கடந்தார். சந்து நினைவில் வைத்திருந்தது அந்த ஓட்டத்தைத்தான்.

இப்போது, கருவியைச் சோதிக்கத் தொலைபேசி நிலையத்தின் கம்பியாள் அன்வர் கூடத்துக்குள் வந்தான். நீலம்மா நேரே அவனிடம் சென்றாள்.

"தம்பி, உங்க ஆபீஸ்ல பழைய கணக்கெல்லாம் வச்சிருப்பாங்களா?"

"எந்தக் கணக்கு அவ்வா?"

"தொண்ணூத்தேழுல பம்பாயிலிருந்து இந்த நம்பருக்கு போன் வந்துச்சான்னு பாக்கணும்."

அன்வர் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். "இங்கேருந்து வெளியே போறதைத்தான் அவ்வா எழுதுவாங்க. உள்ளே வர்றது எதுலயும் ஏறாது. எழுதினதையும் கரையான் தின்னு, அந்தக் கரையானே செத்து எத்தனையோ வருஷமாச்சு."

"அப்ப தெரிஞ்சவர் ஒருத்தர்தான்." அவள் திரும்பினாள். "அண்ணா."

சிவயோகி கைப்பேசியைத் தாழ்த்த மறந்துவிட்டான்.

"இத்தனை வருஷமா உங்ககிட்ட நான் கேக்கல. நீங்க இல்லன்னு சொல்லிட்டா அதோட எல்லாம் முடிஞ்சிடுமேன்னு பயந்துதான் கேக்கல. இன்னிக்கு உங்க வீட்டுக் கம்பியே போவுது. நாளைக்கு அமாவாசை. சொல்லுங்க. சாகுறதுக்கு முன்னாடி என் புள்ள என்னைக் கேட்டு போன் பண்ணினானா?"

ஆம் என்னும் ஒரு சொல் போதும்; விடிந்ததும் அந்தப் பிள்ளைக்கு இலை விழும். ஹாலேசப்பா அதனை அறிவார். ஆயின், அச்சொல்லைத் தொடர்ந்து வரும் அடுத்த கேள்வியையும் அறிவார். 'நீங்க அப்ப வீட்டுல இல்ல' என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. மகன் இறந்த வாரம் தான் வாயிற்படியைவிட்டு நகரவே இல்லை என்பதை அவள் ஊரறிய ஆயிரம் முறை சொல்லி அழுதிருக்கிறாள். அவர் சுற்றிலும் பார்த்தார். அவரைப் பற்றி நல்லதல்லாமல் வேறொன்றும் அறியாத இருபது முகங்கள் இருந்தன. சிவயோகியின் கைப்பேசியும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்ல நீலம்மா" என்றார். "வரல."

குரல் சிறிதும் நடுங்கவில்லை. அன்று போலவே இன்றும் பொய் எளிதாக வந்தது.

நீலம்மா மெல்லத் தலையசைத்தாள். பின்னர் எவரும் எதிர்பாராத வண்ணம் தரையில் அமர்ந்து, குனிந்து, அவர் பாதங்களைப் பற்றிக்கொண்டாள்.

"என்னம்மா இது, எழுந்திருங்க!"

"இருங்கண்ணா. நான் பாவி. உங்களைச் சந்தேகப்பட்டிருக்கேன். அன்னிக்கு வெறுங்காலோட ஓடி வந்தீங்க. அதைக் கண்ணால பாத்தப்புறமும், போன் வந்து இவர் சொல்லாம விட்டுட்டாரோன்னு இந்த வீட்டைப் பாத்து மனசுக்குள்ளயே திட்டியிருக்கேன். மங்களக்கா போனப்ப, நல்லா வேணும்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். அப்படி ஒரு மனுஷியை, அப்படி நினைச்சேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நம்ம அஜ்ஜா போய் அப்படிச் செய்வாரா நீலக்கா!" என்று சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லிவிட அவர் வாயைத் திறந்தார். பாதத்தின்மீது அவளுடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. இப்போது சொன்னால், தன்னிடம் பொய்யுரைத்தவனின் காலைப் பிடித்தவள் ஆவாள் அவள். அந்த இழிவை அவளுக்குத் தரலாகாது என்று தமக்குள் ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டார். அந்த நியாயமும் தம்மைக் காக்கவே பிறந்தது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

"மன்னிச்சேன்மா" என்றார்.

அவள் எழுந்தாள். நெடுநாள் காய்ச்சல் விட்டவளைப்போல அவள் முகம் தெளிந்திருந்தது. "அப்ப அவனுக்கு இலை இல்ல. போகட்டும். போடலாமா வேண்டாமான்னு வருஷா வருஷம் அல்லாடுவேன், இனி அந்தத் தொல்லையும் இல்ல. சுவத்துல இருக்கிற அவன் படத்தையும் இப்பவே கழட்டிடுறேன்." சரோஜா நீட்டிய மண்டக்கிப் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தூறலில் இறங்கித் தன் வீட்டை நோக்கி நடந்தாள்.

"அஜ்ஜா, நான் போட்ட வீடியோவுலயே இதுதான் பெரிசு" என்றான் சிவயோகி, தழுதழுத்த குரலில். "பாக்குறவங்க எல்லாரும் அழப்போறாங்க."

கம்பத்தின் மேலிருந்து அன்வரின் குரல் கேட்டது. "அஜ்ஜா, வெட்டிடலாமா?"

"வெட்டுப்பா."

இடுக்கியின் ஓசை கூடத்துக்குள் எட்டவில்லை. இறங்கி வந்த அன்வர், இணைப்பு நீக்கப்பட்டதற்கான படிவத்தை நீட்டினான். அவர் கையெழுத்திட்டார். கையெழுத்தின் கீழே அன்வர் நேரத்தை எழுதினான்: மாலை ஐந்து மணி பதினேழு நிமிடம்.