மூன்றாவது கண்ணாடி

ஆய்வாளரின் ஜீப் தெருமுனையில் வந்து நின்ற சத்தம் கேட்டதும் பம்புக்காரர் மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நடுச்சுவரில் காலையில் அப்பிய சாந்து இன்னும் ஈரமாகவே இருந்தது. விசிறியை எடுத்து விசிறினாள். போதாதென்று வாயாலும் ஊதினாள்.

சுரங்கத்தை மூடி இரண்டு வருஷம். கிளம்புகிறவர்கள் சும்மா கிளம்பினார்களா? மேலே ஊரைத் தாங்கிக்கொண்டிருந்த நிலக்கரித் தூண்களையும் வெட்டி அள்ளிக்கொண்டுதான் போனார்கள். அடியில் எல்லாம் பொந்து. மேலே மண் மெல்ல மெல்ல உட்கார்ந்தது. விரிசல் விட்ட சுவரிலெல்லாம் குறுக்கே ஒரு விரல் நீளக் கண்ணாடித் துண்டைச் சாந்தில் பதித்து, பக்கத்தில் தேதி எழுதிவிட்டுப் போவார் ஆய்வாளர். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே வீட்டைக் காலி செய்து, கதவில் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். இப்படியே கடைத்தெரு போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று. இந்த வரிசையில் மிச்சம் இரண்டே வீடு, ஒரே நடுச்சுவரோடு.

அவள் வீட்டுக் கண்ணாடி உடைந்து இரண்டு மாதம் ஆகிறது. சுரங்கத் தண்ணீரை இறைக்கிற பம்பு வேலை, இங்கே குடியிருப்பவனுக்கு மட்டும்தான். வீட்டைப் பூட்டினால் வேலையும் போச்சு. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிற மனுஷனை வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? அவரிடம்கூடச் சொல்லாமல், சுவர்க்கடிகாரத்துக் கண்ணாடியை அறுத்து ஒட்டினாள். தேதியையும் ஆய்வாளரின் கோணல் எழுத்திலேயே எழுதினாள். நேற்று ராத்திரி அதுவும் உடைந்தது. இது மூன்றாவது.

பக்கத்து வீட்டு லாரிக்காரர் மனைவிக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. தினமும் எட்டிப் பார்த்துக் கண்ணாடி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். கல்லு மாதிரி இருக்கிறது என்பாள் இவள். அந்தப் பேச்சை நம்பித்தான், கூரை ஒழுகுகிறதென்று போன வாரம் மரத்தொட்டிலை நடுச்சுவர் ஓரமாக நகர்த்திப் போட்டிருந்தாள் அந்தப் பெண். அன்றிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆய்வாளர் வந்தார். பின்னாலேயே லாரிக்காரர் மனைவியும் வந்தாள். அவர் கண்ணாடியைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். சாந்தைத் தொடவில்லை.

"ஊர்லயே உங்க சுவர் ஒண்ணுதாம்மா சொன்ன பேச்சு கேக்குது" என்றார்.

"அக்கா மேல உள்ள பயம் சார். பம்புக்கார அண்ணனே வாயத் தொறக்க மாட்டாரு. சுவர் தொறந்துருமா?"

ஆய்வாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார்.

"அப்ப தொட்டில் அங்கேயே இருக்கட்டுமாக்கா?"

இவள் விறுவிறுவென்று வெளியே போனாள். பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, தூங்குகிற பிள்ளையைத் துணியோடு வாரி எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் வந்து நின்றாள்.

"அக்கா, என்ன பண்றீங்க? தூங்குற புள்ளய..."

"உள்ள போகாத. கண்ணாடி உடைஞ்சு ரெண்டு மாசமாச்சு. நான்தான் மாத்தி மாத்தி ஒட்டுனேன்."

ஆய்வாளர் ஜீப்பை நோக்கி நடந்தார், சாய டப்பாவை எடுக்க.

தெருக்கோடியில் பம்புக்காரர் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார். வழியில் நின்று, முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினார். நிமிர்ந்து இவளைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஆட்டினார். திருப்பி ஆட்ட இவளுக்குக் கை இல்லை; இரண்டு கையிலும் குழந்தை கனத்தது.