தலை வெளியே தெரிய வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை கலீமுல்லாவுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். வேலூரில் புதிதாகக் கட்டிய நீச்சல் குளத்துக்குத் திறப்பு விழா. பழைய மாநிலச் சாம்பியன் ஒருவர் இன்னும் மேல்விஷாரத்தில் இருக்கிறார் என்று ஏதோ ஒரு பழைய ரயில்வே மலரைப் புரட்டிக் கண்டுபிடித்திருந்தார்கள். எண்பத்தேழு வயதில் உயிரோடு இருப்பதற்கே ஒரு சால்வை கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அழைப்பிதழில் ‘1957, இருநூறு மீட்டர் மார்பு நீச்சல், முதலிடம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை, மகள் சைராவிடம் தொழுகைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிக் காவேரிப்பாக்கத்தில் இறங்கினார். சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. அறுபத்தெட்டு வருஷமாக அது அவருடைய ரயில்வே காகிதங்களுக்கு நடுவே கிடந்தது. நீச்சல் சங்கத்தின் செயலாளர் எழுதியது. எழுதியது இவருக்கு அல்ல, வேலாயுதத்துக்கு.

வேலாயுதம் அவருடைய தோஸ்த். வேலாயுதத்தின் அப்பா காவேரிப்பாக்கம் ஏரியில் மதகுக்காரர். மதகில் பாசியோ மரக்கிளையோ அடைத்துக்கொண்டால் முங்கிப் போய் இழுத்துப் போடுவது அவர் வேலை; மகனுக்குப் பத்து வயதானதும் அது மகன் வேலையாகிவிட்டது. ஆகவே வேலாயுதத்துக்குத் தண்ணீரின் மேல்பக்கம் அவ்வளவாகப் பழக்கமில்லை. தவளை போலக் காலை உதைத்து அடியிலேயே போவான். கலீமுல்லாவின் தகப்பனார் தோல் பதனிட ஆவாரம்பட்டை வாங்கி ராணிப்பேட்டைக்கு அனுப்புகிறவர்; ஏரிக்கரைத் தெருவில் குடியிருந்தார். இரண்டு பையன்களும் ஒன்றாகவே நீந்தினார்கள். கலீமுல்லாவுக்கு மூச்சு கம்மி, அதனால் மேலேதான் நீந்துவான். ஆனால் பத்தாவது வரை படித்தவன். ஐந்தாவதோடு நின்ற வேலாயுதத்துக்கு வருகிற கடிதமெல்லாம் இவன் முகவரிக்கே வரும், இவன்தான் படித்துச் சொல்வான்.

ஒரு உடற்பயிற்சி வாத்தியார் கண்ணில் பட்டு, இரண்டு பேரும் ஐம்பத்தைந்தில் மாநிலப் போட்டிக்கு மதராஸுக்குப் போனார்கள். துப்பாக்கி வெடித்தது. ஏழு தலைகள் தண்ணீருக்கு மேலே ஏறி ஏறி இறங்கின. எட்டாவது வரிசை காலியாகக் கிடந்தது. ஆள் முழுகிப் போய்விட்டான் என்று கேலரியில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். எதிர்ச் சுவரில் திடீரென்று ஒரு தலை வந்தது, ஒரு வாய்க் காற்றை விழுங்கியது, மறுபடியும் காணாமல் போனது. அன்றைய விதியில் அதற்குத் தடையில்லை. ஐம்பத்தைந்திலும் ஐம்பத்தாறிலும் வேலாயுதம்தான் முதல். இரண்டு வருஷமும் கலீமுல்லா இரண்டாவது. இரண்டாவதாக வருகிறவனுடைய வயிற்றெரிச்சல் இரண்டாவதாக வந்தவனுக்குத்தான் தெரியும்.

ஐம்பத்தேழில் விதி மாறியது. அந்தக் கடிதம் வந்தது. கலீமுல்லா படித்தான், மடித்தான், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தான். இருபது நாளைகள் போயின. வாலாஜா ரோட்டில் ரயில் ஏறும்போது சொல்ல நினைத்தான். அரக்கோணத்தில் டீ வாங்கிக் கொடுத்தபோது நாக்கு நுனி வரை வந்தது. பெரம்பூர் வந்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. ஒரே ஒரு தடவை முதலாவதாக வர ஆசைப்பட்ட பத்தொன்பது வயதுப் பையன், அவ்வளவுதான்.

அன்றைக்கும் வேலாயுதம் அடியிலேயே போய் முதலில் சுவரைத் தொட்டான். நடுவர் அவன் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயரைப் படித்தார். விதி மாறியிருக்கிறது என்பது அப்போதுதான் வேலாயுதத்துக்குத் தெரிந்தது. அந்தப் பதக்கத்துக்குக் கலீமுல்லாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. காட்பாடியில் முப்பத்தெட்டு வருஷம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். வேலாயுதம் அதற்குப் பிறகு போட்டி பக்கமே போகவில்லை. தோல் ஷாப்பில் முப்பத்தொரு வருஷம், தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் ஆழத்தில் நின்றார். தோல் ஷாப்பில் யாரும் மலர் போடுவதில்லை. அதனால் வேலூர்க்காரர்களுக்கு அவர் பெயரே தெரியாது.

கதவைத் திறந்த மருமகள் எழிலரசி, “வாங்க பாய் மாமா, டீ போடட்டுமா?” என்றாள். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் பிரித்துக்கூடப் பார்க்காத புதுச் சட்டை.

“இன்னாடா, ஞாயித்துக்கிழம மாப்பிள்ள இன்னிக்கே வந்துட்ட? பாத்தியா, எனக்கும் சட்ட எடுத்தாச்சு. முன்வரிசைல உக்காந்து கை தட்டுவேன்.”

அந்தச் சட்டையைக் கலீமுல்லா மெதுவாக ஓரமாகத் தள்ளி வைத்தார். கட்டிலில் உட்கார்ந்தார். எழிலரசி சமையலறைக்குள் போகும் வரை பொறுத்திருந்தார்.

“வேலு, ரூல் மாறினது எனக்கு முன்னயே தெரியும்டா.”

“எந்த ரூலு?”

“ஐம்பத்தேழுல. உனுக்குக் கடுதாசி வந்துது. நான் சொல்லல.”

வேலாயுதம் சிரித்த முகத்தை மாற்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். காதில் விழுந்தது உள்ளே போய்ச் சேர நேரம் பிடித்தது.

“மறந்துட்டியா?”

‘ஆமாம்’ என்று சொல்லியிருக்கலாம். வேலாயுதம் வழி விட்டுத்தான் கேட்டார். ஆனால் கலீமுல்லா அதற்காக இவ்வளவு தூரம் வரவில்லை.

“மறக்கல. இன்னொண்ணும் இருக்குது. அன்னிக்குக் குளத்தாண்ட ஒருத்தர் இங்கிலீஷ்ல கூவினாரே, நீகூட இன்னாடா சொல்றாருன்னு கேட்டியே? பேரு படிக்கிறாருன்னு சொன்னேன். அவரு அந்த ரூலத்தான் சொன்னாரு.”

சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. அடித்தாலும் பரவாயில்லை, திட்டினாலும் பரவாயில்லை, வெளியே போ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று பயந்தார். இத்தனை வயதுக்குமேல் ‘டா’ போட்டுப் பேச உலகத்தில் அவருக்கு இருந்தது இந்த ஒரு ஆள்தான்.

வேலாயுதம் தன் கைகளைப் பார்த்தார். சுண்ணாம்பு தின்ற விரல்கள். உள்ளே பால் பொங்கி அடங்குகிற சத்தம் கேட்டது.

“கடுதாசி வெச்சிருக்கியா?”

“இருக்குது.”

“படி.”

கலீமுல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தாள் மடிப்பில் கிழிந்திருந்தது. அந்தக் காலத்தில் படித்துச் சொன்னது மாதிரியே, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். “அன்புள்ள வேலாயுதம். இந்த வருஷத்துலேர்ந்து மார்பு நீச்சல்ல தண்ணிக்கு அடியில போகக் கூடாது. தலை வெளியே தெரியணும். குதிச்ச உடனே ஒரு தபா, திரும்பும்போது ஒரு தபா, அவ்ளோதான் முழுகலாம். நீங்க இப்பலேர்ந்தே பழகிக்கணும். உங்க மேல எங்களுக்கு ரொம்ப நம்பிக்கை இருக்குது.”

“எப்போ வந்துது?”

“மே இருவது.”

“போட்டி?”

“ஜூன் ஒம்பது.”

வேலாயுதம் விரல் மடக்கி எண்ணினார். மே மாதத்துக்கு முப்பத்தொரு நாளா என்று தனக்குத்தானே கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

“இருவது நாளு இருந்துருக்குது. மேல நீந்த எனக்கு அது ஜாஸ்திடா. பத்து நாள்ல கத்துக்கினு இருப்பேன்.”

“கத்துக்கினு இருப்ப.”

“அப்பவும் உன்ன ஜெயிச்சிருப்பேன்.”

“ஜெயிச்சிருப்ப, வேலு.” கலீமுல்லா அழுதுவிட்டார். “ஞாயித்துக்கிழம மைக்ல எல்லார் முன்னாடியும் சொல்றேன்டா. சால்வைய உனுக்கே போடச் சொல்றேன்.”

“சால்வ யாருக்கு வேணும், இந்த வெயில்ல?” வேலாயுதத்தின் கண்ணிலும் நீர் நின்றது. கோபமா என்றால் கோபமும்தான். அவர் அதை மறைக்கவில்லை. “எனுக்கு அடியில போகத்தான் தெரியும், புது ரூல்படி மேல நீந்த வராதுன்னு இத்தன வருஷம் நெனச்சினு இருந்தேன்டா. தொட்டில நின்னுனு தெனம் அதையே நெனப்பேன். மைக்ல சொல்றது கெடக்கட்டும். எங்கிட்ட சொல்லு. இன்னொரு தபா சொல்லு.”

“நீதான் ஜெயிச்சிருப்ப.”

வேலாயுதம் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“இன்னொரு தபா.”

எழிலரசி டீ கொண்டுவந்தபோது இரண்டு கிழவர்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னொருவர் சலிக்காமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.